மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் ஸ்பானரை எடுப்பார்: கோத்தகிரியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை

கோத்தகிரி டானிங்டன் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஷட்டருக்கு வெளியே மர ரேக்கில் பழைய செல்ஃப் மோட்டார்களும் பிரித்துப் போட்ட டைனமோக்களும் அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம். காரில் பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது, டேஷ்போர்டில் பேட்டரி லைட் எரிகிறது, ஹெட்லைட் மங்குகிறது என்று யார் சொன்னாலும் இப்போது நான் அங்கேதான் அனுப்புகிறேன். காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன். இந்த மலையில் இதே தொல்லைக்காகப் பேட்டரி மேல் பேட்டரியாக மாற்றிப் பணத்தைக் கொட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் கட்டபெட்டில் குடியிருக்கிறேன், கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். சின்ன பெட்ரோல் கார், பழையது, ஆனால் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது. டிசம்பரில் குளிர் இறங்கியதும் தொல்லை ஆரம்பித்தது. காலையில் செல்ஃப் அடித்தால் இழுத்து இழுத்துச் சுற்றும். பனிமூட்டத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது வைப்பர் சோம்பலாக ஓடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஹெட்லைட் பளிச்சென்று ஆகும், காலை எடுத்தால் மங்கும். பேட்டரி லைட் முழுசாக எரியாது. உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி லேசாகச் சிவந்திருக்கும். மாலையில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயம் ஒவ்வொரு நாளும் கூடவே வந்தது. மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத ரோடு அது.

முதலில் காட்டிய இடம் வேறு. பெயர் வேண்டாம். அங்கே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினார்கள். “வண்டி நிக்கல பாருங்க, டைனமோ நல்லா இருக்கு, பேட்டரிதான் போச்சு” என்று சொல்லிப் புதுப் பேட்டரி போட்டுக் கொடுத்தார்கள். நாலாயிரத்துக்கு மேல் ஆனது. கொஞ்ச நாள் எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் புதுப் பேட்டரியும் அதே மாதிரி இறங்க ஆரம்பித்தது.

வயரைக் கழற்றிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கேயாவது உங்கள் காருக்கு இப்படிச் செய்ய வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் (கடைகளில் டைனமோ என்று சொல்வது இதைத்தான்) தருகிற மின்சாரத்தில் வரும் ஏற்ற இறக்கங்களை உள்வாங்கிக்கொள்வது பேட்டரிதான். ஓட்டத்தில் அதைத் திடீரென்று கழற்றினால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு வோல்டேஜ் பல பத்து வோல்ட் எகிறலாம். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், டயோடு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் என எது வேண்டுமானாலும் அதில் போகலாம். அந்தக் காலத்தில் அசல் டைனமோ இருந்த வண்டிகளில் வந்த பழக்கம், எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த வண்டிகளுக்கு ஆகாது. அதைவிட முக்கியம், இந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதே இல்லை. எஞ்சின் சும்மா ஓடுவதற்குச் சில ஆம்பியர் போதும். பாதி செத்த ஆல்டர்னேட்டரும் அதைத் தந்துவிடும். ஹெட்லைட், புளோயர், வைப்பர், பின் கண்ணாடி மூட்டத்தைப் போக்கும் டீஃபாகர் எல்லாம் சேர்ந்து கேட்கும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும்.

டானிங்டன் கடையை எனக்குச் சொன்னவர் எங்கள் பள்ளி வேன் டிரைவர் அண்ணன். கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஊர்க்காரர்களோடு படுகர்களின் மொழியான படுகு பேசுகிறார், என்னோடு தமிழ். போனதும் அவர் கேட்டது இவ்வளவுதான்: “எப்ப மங்குது டீச்சர், வண்டி நிக்கும்போதா, ஓடும்போதா? மழையில பெல்ட் கத்துதா? வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் எவ்வளவு தூரம்?” கடைசிக் கேள்வி எதற்கு என்று அப்போது புரியவில்லை.

பானெட்டைத் திறந்ததும் மீட்டரை எடுக்கவில்லை. முதலில் கண்ணாலும் கையாலும் பார்த்தார். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார், திருப்பி உள்பக்கம் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்தார். ஆல்டர்னேட்டர் பின்னால் இருக்கும் தடித்த வயரின் நட்டை ஆட்டிப் பார்த்தார். எலி கடித்த இடம் ஏதாவது இருக்கிறதா என்று வயர் கட்டு முழுக்கத் தடவினார். இது நம் பக்கம் ரொம்ப முக்கியம். தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் குளிர்காலத்தில் எலி சூடான எஞ்சினைத் தேடித்தான் வரும். பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்ததைக் காட்டினார். புதுப் பேட்டரி மாட்டியவர்கள் பழைய கிளாம்ப்பைத் தேய்க்காமலே மாட்டியிருக்கிறார்கள். சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றியதும் நுரைத்து இறங்கியது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கி, மேலே வேசலின் தடவினார்.

அதற்கப்புறம்தான் மீட்டர். ஒவ்வொரு அளவையும் எனக்குக் காட்டி, தம்பி ஒருவனை ஒரு அட்டையில் எழுதச் சொன்னார். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

எஞ்சின் ஓடாமல், பேட்டரி 12.1 வோல்ட். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி ஓய்வில் 12.6 காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஆக, புதுப் பேட்டரி பாதிக்கும் கீழே. செல்ஃப் அடிக்கும்போது 10.2. சுமார் 9.6-க்குக் கீழே விழாதவரை பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம் என்றார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும், ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், 12.9. சாதாரணமாக 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ரேஸ் பண்ணினால் 13.6 வரை போனது. ஹெட்லைட் ஹை பீம், புளோயர் முழு வேகம், டீஃபாகர் எல்லாம் போட்டதும் ஐடிலில் 12.4-க்கு இறங்கியது. அதாவது அந்த நேரத்தில் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு எதுவும் தரவில்லை, பேட்டரிதான் வண்டிக்குத் தந்துகொண்டிருந்தது.

“பேட்டரி மேல தப்பு இல்லைங்க டீச்சர். அதுக்குச் சோறு போடுறவன்தான் ஒழுங்கா போடல” என்றார்.

பல கடைகளில் இந்த இடத்திலேயே “ஆல்டர்னேட்டர் மாத்திடலாம்” என்று வந்துவிடும். புதுசு போட்டால் ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்று எனக்கே ஒருவர் சொல்லியிருந்தார். இவர் அங்கே நிற்கவில்லை. இந்தக் கடையைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே அடுத்து அவர் செய்ததற்காகத்தான்.

எல்லா லைட்டும் எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பிளஸ் போல்ட்டிலும், மறு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் வைத்தார். 0.15 வோல்ட். பிளஸ் வயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஆல்டர்னேட்டரின் உடம்பிலும் பேட்டரியின் மைனஸ்ஸிலும் வைத்தார். 0.6 வோல்ட்! அங்கே 0.2-ஐத் தாண்டவே கூடாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்சாரம் பாடம் நடத்துகிறவளுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் சிலிர்த்தது. ஏறக்குறைய 30 ஆம்பியர் ஓடும் பாதையில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தால் போதும், 0.6 வோல்ட் காணாமல் போய்விடும். மீட்டரை ஓம் அளவில் வைத்து அந்த வயரை அளந்தால் “நல்லா இருக்கு” என்றுதான் காட்டும், ஏனென்றால் சாதாரண மீட்டருக்கு 0.02 ஓம் பிடிபடாது. லோடு போட்டு (லைட், புளோயர் எல்லாம் ஓடவிட்டு), ஓட்டத்தில், வோல்டேஜ் எங்கே தொலைகிறது என்று தேடினால்தான் அகப்படும்.

பேட்டரி மைனஸ்ஸிலிருந்து எஞ்சினுக்கு வரும் எர்த் வயர்தான் அது. கியர்பாக்ஸில் போல்ட் போட்டிருக்கும் முனை துருப்பிடித்து, கீழே எண்ணெயும் சேறும் படிந்திருந்தது. நம் ஊர் ஈரத்துக்கு இது ஆச்சரியம் இல்லை. கழற்றி, உப்புத்தாள் போட்டு பளபளக்கும்வரை தேய்த்து மாட்டினார். ஐடிலில் 12.9 காட்டியது 13.4 ஆனது. இதுவரை ஒரு பைசாவுக்கும் பொருள் வாங்கவில்லை.

ஆனாலும் லோடு போட்டால் எண் ஒரு நிலையில் நிற்கவில்லை. 13, 12.7, 13.1 என்று துள்ளியது. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிளாஸ்டிக் பிடியால் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தை லேசாக இரண்டு தட்டு தட்டினார். எண் சட்டென்று 14.1-க்குத் தாவி, சில நொடியில் மறுபடி சரிந்தது. “கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சு. ஸ்பிரிங் தள்ளினாலும் எட்டல” என்றார். ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டருக்கு மின்சாரம் கொண்டுபோவது அந்தப் பிரஷ்தான். கழற்றுவதற்கு முன் மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சாரம்) அளவுக்கு மாற்றி பேட்டரியில் இன்னொரு தரம் வைத்தார். டயோடு போயிருந்தால் ஆல்டர்னேட்டர் உண்டாக்கும் ஏசி முழுசாக டிசியாக மாறாமல் பேட்டரிக்குக் கசியும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு பிளேட்டைச் சந்தேகப்பட வேண்டும். என் வண்டியில் 0.05-தான். டயோடு பிழைத்தது.

பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுத்தான் ஆல்டர்னேட்டரில் கை வைத்தார். மேஜையில் பிரித்துக் காட்டினார். புதுப் பிரஷ்ஷைப் பக்கத்தில் வைத்தால் விரலின் ஒரு கணு நீளம். என் வண்டியில் இருந்தது பச்சரிசி அளவுக்குத் தேய்ந்திருந்தது. ரோட்டரின் இரண்டு செம்பு வளையங்களும் கறுத்து, நடுவில் பள்ளம் விழ ஆரம்பித்திருந்தன. நைஸ் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துக் கையால் சுழற்றித் துடைத்தார். வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவே தொடர்பு இல்லை, இரண்டு வளையங்களுக்கு இடையே சில ஓம்தான் என்று அளந்து, ரோட்டரின் கம்பிச் சுருள் நன்றாக இருப்பதை உறுதி செய்தார். பின் பேரிங்கைச் சுற்றச் சொல்லி என் கையில் கொடுத்தார். மணல் இருப்பது போல் கரகரத்தது. புதுப் பிரஷ்ஷைப் பற்றவைத்து, பேரிங் இரண்டையும் மாற்றலாம் என்றார். பேரிங் கையிருப்பில் இல்லை; கோயம்புத்தூரிலிருந்து பஸ் பார்சலில் வரவேண்டும். வண்டியை விட்டுவிட்டு வந்தேன்.

வண்டி அங்கே இருந்த இரவு புதுப் பேட்டரியைத் தனியாக சார்ஜரில் போட்டார். 35 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி என்றால் 3.5 ஆம்பியரில் மெதுவாக ஏற்ற வேண்டும். சார்ஜ் இறங்கிப்போன பேட்டரியை ஆல்டர்னேட்டரே நிரப்பட்டும் என்று விட்டால், அது முழுத் திறனில் நெடுநேரம் ஓடிச் சூடேறி, புதுசாகப் போட்ட வேலையும் கெட்டுப்போகும் என்றார். எத்தனையோ பேர் இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

வண்டியை எடுக்கப் போனபோது மறுபடி அட்டை. ஐடிலில் 14.3. எல்லா லோடும் போட்டு 13.8. எஞ்சின் சூடேறிய பிறகு லோடு இல்லாமல் 14.1. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் நடுவே 0.08. எல்லாவற்றையும் அணைத்து, கதவை மூடி, அரை மணி நேரம் விட்டு, மைனஸ் வயரோடு தொடராக மீட்டர் வைத்து, வண்டி தூங்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்றும் பார்த்தார். 30 மில்லி ஆம்பியர். 50-க்குள் இருந்தால் கவலை இல்லை. கார்பன் பிரஷ், பேரிங், பேட்டரி சார்ஜ், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய் வாங்கினார். கழற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்.

தூரத்தை ஏன் கேட்டார் என்பதையும் அப்போது விளக்கினார். இது மலையில் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் வேண்டிய விஷயம். பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வேலை; குளிர்ந்தால் மந்தமாகும். 25 டிகிரியில் 100 பங்கு கொடுக்கும் பேட்டரி 0 டிகிரியில் ஏறக்குறைய 80 பங்குதான் கொடுக்கும். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி, செல்ஃப் மோட்டார் வழக்கத்தைவிட அதிகம் கேட்கும். அப்படி எடுத்த வண்டியை நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டால், எடுத்தது திரும்பி நிரம்பவே நிரம்பாது. அதுவும் புளோயரும் டீஃபாகரும் லைட்டும் போட்டுக்கொண்டு. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் குஞ்சப்பனை வழியாகப் போகும்போது இரண்டாம் கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றுவதால் சார்ஜ் நன்றாகவே ஏறும். பிரச்சினை சீசன் நேரத்து வரிசையில்தான். ஏப்ரல், மே மாதத்தில் ஊட்டி ரோட்டில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது ஐடிலில் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனில் ஒரு பகுதிதான் தரும். வாரத்துக்கு ஒரு தடவையாவது நீளமாக ஒரு ஓட்டம் ஓட்டுங்கள் என்றார். இப்போது சனிக்கிழமை குன்னூர் போய் வருகிறேன்.

இன்னொன்றும் சொன்னார். குளிர்ந்த காலையில் 14.6 காட்டினால் பயப்பட வேண்டாம். ரெகுலேட்டர் குளிரில் கொஞ்சம் கூட்டியும் சூட்டில் கொஞ்சம் குறைத்தும்தான் கொடுக்கும். 15-ஐத் தாண்டி நின்றால் மட்டும் உடனே வர வேண்டும், பேட்டரி வெந்துவிடும்.

குறைகளும் உண்டு. போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். வேலை முடிய அவசரப்படுத்தினால் முகம் சுருங்கும். கையால் எழுதிய சீட்டுதான் பில்; கம்பெனிக்குக் கொடுத்துப் பணம் திரும்ப வாங்க வேண்டியவர்களுக்கு அது உதவாது. உட்கார ஒரு பெஞ்ச், அதுவும் பாதி ஸ்பேர் பார்ட்ஸ். பெண்கள் தனியாகப் போனால் எப்படி இருக்கும் என்று என் சக டீச்சர் கேட்டார். எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொன்னார், “உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு” என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மெக்கானிக் கடைகளில் அந்த வாக்கியத்தை நிறையக் கேட்டுவிட்டேன், அதனால் இது எனக்குப் பெரிய விஷயம்.

புதிய மாடல் வண்டிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. எஞ்சின் கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும் வண்டிகளில் ஓட்டத்தில் 12.5-ம் வரும், 15-ம் வரும். எல்லாம் சரியாக இருந்தாலும் அப்படித்தான். மேலே சொன்ன எண்களை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது, ஸ்கேனர் வேண்டும். அந்த மாதிரி வண்டிகளில் வயரையும் எர்த்தையும் பார்த்துக் கொடுப்பார், அதற்கு மேல் கம்பெனி சர்வீஸுக்குப் போகச் சொல்லிவிடுவார். பேட்டரியிலேயே சென்சார் மாட்டிய வண்டியில் கை வைக்க மாட்டேன் என்று என் எதிரிலேயே ஒருவரைத் திருப்பி அனுப்பினார்.

காலை ஒன்பதரைக்குத் திறக்கிறார், மதியம் சாப்பாட்டுக்கு மூடுவார், ஞாயிறு விடுமுறை. கடை முன்னால் சரிவு. ஹேண்ட் பிரேக்கோடு கல்லும் வையுங்கள். போவதற்கு முன் வண்டியைத் தள்ளியோ வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து ஜம்பர் வயர் போட்டோ ஸ்டார்ட் செய்து நெடுநேரம் ஓட்ட வேண்டாம், பேட்டரி எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் பார்க்கத்தான் அவர் விரும்புகிறார். பேட்டரி வாங்கிய வாரண்டி கார்டு இருந்தால் எடுத்துப் போங்கள், அதிலிருக்கும் தேதியை முதலில் கேட்பார்.